தோலுக்குப் பிடிபட்ட பாம்பு இன்று உயிரைக் காக்கிறது!

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கு அருகே உள்ள ஊர் மேல்மலையனூர். அமாவாசை வந்தால் அங்காளம்மன் கோவிலில் கூட்டம் அலைமோதும். அங்குள்ள புற்றைப் பக்தர்கள் பயபக்தியோடு கும்பிடுவார்கள்.

புற்றைக் கும்பிடும் இதே தமிழ்நாட்டில் இருந்துதான், ஒரு காலத்தில் பாம்புத் தோல் மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது!

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்த நாளில் மனிதனைக் கண்டு பாம்புதான் நடுங்கியிருக்க வேண்டும். சாரை, நாகம், மலைப்பாம்பு எதுவும் தப்பவில்லை. மேல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைக்காகவும் செருப்புக்காகவும் லட்சக்கணக்கான பாம்புகள் உயிரை விட்டன.

பாம்பைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். உயிரைப் பணயம் வைத்த அவர்களுக்குக் கிடைத்தது சொற்பக் காசு. கொழுத்த லாபம் வியாபாரிகளுக்கு! நஷ்டம் உழவர்களுக்கு. பாம்பு குறைந்தால் எலி பெருகும். நெல்லையும் மணிலாக்கொட்டையையும் எலி சும்மா விடுமா?

உலக நாடுகளின் கட்டுப்பாடு

இந்த ஆபத்து பாம்புக்கு மட்டும் அல்ல. யானைத் தந்தம், புலித்தோல், அரிய மரம், கிளி, ஆமை எல்லாம் இப்படித்தான் விலை போயின. ஒரு நாடு மட்டும் தடுத்தால் போதாது. விற்கும் நாடும் வாங்கும் நாடும் சேர்ந்து தடுக்க வேண்டும்.

1973ஆம் ஆண்டு மார்ச் 3ந் தேதி அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. "சைட்டிஸ்" என்பது அதன் சுருக்கப் பெயர். இன்று 180க்கும் அதிகமான நாடுகள் அதில் சேர்ந்துள்ளன.

அதில் மூன்று பட்டியல்கள் உண்டு. அடியோடு அழியும் நிலையில் உள்ளவை முதல் பட்டியல். லாபத்துக்காக அவற்றைக் காட்டில் இருந்து பிடித்து வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது. இந்திய மலைப்பாம்பு இதில் இருக்கிறது. இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றை அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி அனுப்ப முடியாது. நல்லபாம்பும் சாரையும் இதில் உள்ளன. ஒரு நாடு தன் உயிரினத்தைக் காக்க மற்ற நாடுகளின் உதவியைக் கேட்டால், அது மூன்றாவது பட்டியலில் சேரும்.

இந்தியாவில் 1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் சைட்டிசில் இந்தியா சேர்ந்தது. அதே ஆண்டு பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது.

வயிற்றுக்கு வழி என்ன?

பாம்பு பிழைத்தது. ஆனால் இருளர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வேறு தொழில் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

1978இல் வழி பிறந்தது. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது.

வனத்துறை அனுமதித்த அளவுக்கே பாம்பு பிடிப்பார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைதான். மண்பானையில் சில வாரம் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியில் இருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் இறப்பதாக, 2000 முதல் 2019 வரையிலான கணக்கு சொல்கிறது. இந்த மருந்தின் அருமை இப்போது புரியும்!

சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே வளர்ப்புப் பிராணி வியாபாரத்தில் வந்து, காட்டில் புகுந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சட்டம் பாம்பைக் காத்தது. சங்கம் மனிதனைக் காத்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் பலன் கிடைத்தது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பாம்புத் தோல் பை வாங்கி வரட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள். காசும் போகும், மானமும் போகும்!