கடைசி சைக்கிள் சக்கரவர்த்தி

1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் பிரெஞ்சு நிர்வாகத்திடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து, பிரான்ஸின் வடமேற்கு மூலையில் பிரித்தானிப் பகுதியில் உள்ள இஃபினியாக் என்ற ஊரில், ரயில்வே தொழிலாளி ஒருவர் வீட்டில் சைக்கிள் பந்தய வீரர் பெர்னார் இனோ பிறந்தார்.

1962இல் சட்டப்படியும் காரைக்கால் கைமாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று இருந்துவிட்ட குடும்பங்கள் இங்கே உண்டு. சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு என்றால் இன்றும் ஊருக்குள் தெரியும். டூர் தெ பிரான்ஸ் என்ற பெயர் அந்த வீடுகளுக்குப் புதிதல்ல. மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஆல்ப்ஸ் மலையும் பிரனீஸ் மலையும் ஏறி இறங்கும் சைக்கிள் பந்தயம் அது. காரைக்கால்மேடு என்று ஒரு மேட்டைப் பெயரில் மட்டும் வைத்திருக்கும் நமக்கு, அந்த ஏற்றங்களைக் கற்பனை செய்வது கஷ்டம். இங்கே சைக்கிள்காரருக்கு ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம்தான்.

ஆனால் காற்று நமக்குத் தெரியும். கடலிலிருந்து எதிர்க்காற்று அடிக்கும்போது, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் மிதி லேசாகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சைக்கிள் பந்தயத்தின் சூட்சுமமே அதுதான். நூற்றுக்கணக்கானவர்கள் கும்பலாக ஓட்டுவதும், ஒரு தலைவருக்காகச் சக வீரர்கள் முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொள்வதும் அதனால்தான். கும்பலை விட்டுத் தனியே கிளம்புகிறவர் எல்லாக் காற்றையும் தானே வாங்க வேண்டும்.

1980 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தில் இனோ அதைச் செய்தார். தொடங்கியதிலிருந்தே பனி கொட்டியது. வீரர்கள் ஒவ்வொருவராகக் கார்களில் ஏறிக்கொண்டார்கள். முடிவுக்குச் சுமார் 80 கிலோமீட்டர் இருக்கும்போது இனோ தனியாகக் கிளம்பினார். இரண்டாவதாக வந்தவர் கோட்டைத் தொட்டபோது இனோ வந்து ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 174 பேர் புறப்பட்டு 21 பேர்தான் முடித்தார்கள். அன்று விறைத்துப்போன அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு, பின்னர் எந்தக் குளிரையும் தாங்கவில்லை.

அதே ஆண்டு சலான்ஷ் மலைப்பாதையில் உலக சாம்பியன் பட்டம். மறு ஆண்டு பாரிஸ்–ரூபே. கருங்கல் பாவிய வயற்காட்டுப் பாதைகளில் ஓடும் இந்தப் பந்தயத்தை அவர் வெறுத்தார். வெளிப்படையாகத் திட்டவும் செய்தார். உலக சாம்பியனாக இருந்துகொண்டு ஒதுங்க மனம் வரவில்லை. பலமுறை விழுந்தார். கடைசிப் பகுதியில் ஒரு நாய் குறுக்கே ஓடி வந்து, அதனாலும் விழுந்தார். எழுந்து, கும்பலைப் பிடித்து, ரூபே மைதானத்தில் மோசர், தெ வ்லாமிங்க் என்ற போட்டியாளர்களை முந்தினார்.

டூர் பட்டம் ஐந்து: 1978, 1979, 1981, 1982, 1985. இத்தாலியின் ஜிரோ மூன்று, ஸ்பெயினின் வுவெல்தா இரண்டு. மூன்று பெரிய சுற்றுகளிலும் சேர்த்து பத்து. இதைத் தாண்டியவர் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஒருவர்தான், பதினொன்று.

இனோ முரட்டு மனிதர். பேட்ஜர் என்ற, வளையில் வாழும் விலங்கின் பெயர்தான் அவருக்குப் பட்டப்பெயர். முதல் டூரிலேயே, 23 வயதில், அதிகாலையில் எழுப்பி ஒரே நாளில் இரண்டு பந்தயம் ஓட்டச் சொல்வதை எதிர்த்து வீரர்கள் வாலன்ஸ் தாஜென் ஊரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, முன்வரிசையில் நின்றவர் இனோ. ஆனால் 1984இல், ஆலை மூடலை எதிர்த்துக் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் பாரிஸ்–நீஸ் பந்தயத்தை மறித்தபோது, சைக்கிளோடு அவர்களுக்குள் புகுந்து குத்துவிட்டவரும் அவரே. தொழிலாளி வீட்டுப் பிள்ளை செய்த காரியம்!

1983இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அந்த ஆண்டு டூரை லோரான் ஃபின்யோன் என்ற இளைஞர் வென்றார்; அடுத்த ஆண்டு இனோவையே பத்து நிமிட வித்தியாசத்தில் வீழ்த்தினார். கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். 1985இல் சாந்த் எத்தியன் நகரில் விழுந்து மூக்கு உடைந்தது. உடைந்த மூக்கோடு பாரிஸ் வந்து ஐந்தாம் பட்டத்தை வாங்கினார். அந்த வெற்றியில் சக வீரர் கிரெக் லெமாண்டின் விட்டுக்கொடுத்தலும் இருந்தது. அடுத்த ஆண்டு உனக்கு உழைக்கிறேன் என்றார் இனோ. 1986 வந்ததும் அவரே முன்னால் பாய்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னிலை பிடித்தார். மறுநாளும் பேராசைப்பட்டுப் பாய்ந்து, மலையில் சோர்ந்தார். லெமாண்ட் வென்றார். எதிரிகளைக் களைக்கவைக்கவே அப்படிச் செய்தேன் என்பது இனோவின் விளக்கம். நம்ப முடியவில்லை. வாக்குக் கொடுத்தவர் ஓட்டிய விதமல்ல அது.

அந்த ஆண்டே, 32 வயதில், சைக்கிளை விட்டு பிரித்தானியில் பண்ணை வைத்தார். பின்னர் 2016 வரை டூர் மேடையில் வெற்றியாளர்களை வரவேற்றார். 2008இல் நாந்த் நகரில் மேடையேறிய போராட்டக்காரர் ஒருவரைப் பிடித்துத் தள்ளியதும் உண்டு.

இன்று மலைக்கு ஒருவர், கல்பாதைக்கு ஒருவர் என்று பெரும்பாலும் பிரிந்துவிட்டார்கள். பனி, கல், மலை மூன்றிலும் ஆண்ட பிரெஞ்சுக்காரர் இனோவுக்குப் பின் இல்லை. பெண்கள் டூரை 2025இல் பொலின் ஃபெரான்-ப்ரெவோ பிரான்ஸுக்கு வென்று கொடுத்தார். ஆண்கள் டூரை 1986 முதல் 2025 வரை நாற்பது முறை நடத்தியும் ஒரு பிரெஞ்சுக்காரர்கூட வெல்லவில்லை.