தாச்சியில் மிஞ்சிய எண்ணெய்

திருகோணமலையில் எண்ணெய் என்றதும் சீனக்குடாத் தாங்கிகள்தான் பேச்சில் வரும். பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய அவற்றைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. வடை பொரித்த தாச்சியில் மிஞ்சும் எண்ணெயைப் பற்றி எழுதுவோர் குறைவு. துறைமுக நீருக்குள் நாள்தோறும் இறங்கக்கூடியது இந்த எண்ணெய்தான்.

இத்தகைய எண்ணெய் குழாய்க்குள் போனால் என்னாகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2017இல் இலண்டன் வைட்சப்பல் பகுதிக் கழிவுநீர்ச் சுரங்கத்தில் 250 மீற்றர் நீளத்துக்கு ஒரு கொழுப்புப் பாறை அடைத்துக் கிடந்தது. எடை சுமார் 130 தொன். அது குளிர்நாட்டுப் பிரச்சினை, இங்குள்ள வெயிலில் எண்ணெய் உறையுமா என்று கேட்கலாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழேதான் உறையும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பாறை வெறுமனே குளிரில் உறைந்த கொழுப்பு அல்ல. எண்ணெய் சிதைந்து கொழுப்பமிலமாகிறது. அந்த அமிலம் சீமெந்திலும் கடின நீரிலும் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத சவர்க்காரமாகிறது. அதை நம் வெயில் உருக்காது.

சிங்க்கில் ஊற்றி, சுடுநீரும் சவர்க்காரமும் விட்டால் எண்ணெய் போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் அது சற்றுத் தள்ளிப் போய்ப் படிகிறது, அவ்வளவுதான். இலங்கையில் குழாய்வழிக் கழிவுநீர் இணைப்புள்ள வீடுகள் மிகச் சிலவே. மற்ற வீடுகளின் சமையலறை நீர் குழிக்கோ தெருக் கானுக்கோ போகிறது. குழிக்குப் போனால் எண்ணெய் மண்ணின் நுண்துளைகளை அடைத்து நீர் ஊறுவதைத் தடுக்கும். கானில் தேங்கினால் மாரி மழை அதை வாரிக் கடலில் சேர்க்கும்.

சமையல் எண்ணெய் சாப்பாட்டுப் பொருள்தானே, கடலுக்குக் கேடில்லை என்ற எண்ணம் தவறு. 1991 ஜனவரியில் வேல்ஸின் ஆங்கிள்சீ தீவருகே ‘கிம்யா’ கப்பல் விபத்துக்குள்ளாகிச் சுமார் 1,500 தொன் சூரியகாந்தி எண்ணெய் கடலில் கலந்தது. கரையோர மட்டிகள் செத்தன. மணலோடு சேர்ந்த எண்ணெய் கொங்கிறீற்றுப் போல இறுகியது. அளவு சிறிதானாலும் எண்ணெயின் இயல்பு மாறுவதில்லை: நீர்மேல் படலமாகிக் காற்று கலப்பதைக் குறைக்கிறது, அதைத் தின்னும் பக்டீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன. திறந்த கடல் போலன்றி, நிலம் சூழ்ந்த உட்துறைமுகத்தில் நீர் விரைந்து மாறுவதில்லை. மீன் குஞ்சுகள் வளரும் ஓரமும் அதுவே.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. தாச்சியைக் கழுவுமுன் பழைய பத்திரிகைத் தாளால் துடையுங்கள். கொஞ்ச எண்ணெயென்றால் தும்புத்தூளிலோ ஆறிய சாம்பலிலோ ஊறவிட்டுக் குப்பையோடு சேர்க்கலாம். நிறைய மிஞ்சினால் ஆறவைத்துப் போத்தலில் மூடி வையுங்கள். மீண்டும் மீண்டும் பொரித்து ‘தீர்ப்பது’ வழியல்ல. அது உடம்புக்குக் கேடு. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய திட்டத்தின்படி, பொரித்த எண்ணெய் சேகரிக்கப்பட்டு உயிரி டீசலாகிறது. போத்தலில் சேரும் எண்ணெயை எடுக்கக் கிழக்கு மாகாணத்துக்கும் அப்படியொரு சேகரிப்பு வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை உணவகங்களின் பொறுப்பு இன்னும் பெரிது. ஒரு வீட்டில் பல நாளில் மிஞ்சும் எண்ணெய் அங்கே ஒரே மாலையில் மிஞ்சிவிடும். கழுவுநீரிலுள்ள கொழுப்பைப் பிரித்துத் தடுக்கும் கொழுப்புப் பொறித் தொட்டி அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். சுற்றுலாக் காலம் சூடுபிடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை அதை அடிக்கடி வழித்துத் துப்புரவாக்க வேண்டும். வழித்த கொழுப்பைப் பின்பக்கக் கானில் கொட்டினால், தொட்டி கட்டிய காசும் வீண்.