மெனிகேயும் ஒப்பாரிக் கோச்சியும்

உலகின் அழகான ரயில் பயணங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இலங்கையின் கண்டி – எல்ல பாதைக்கு அதில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நானும் போனேன். அட்டனைத் தாண்டியதும் பெட்டியே எழுந்து நின்றது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வாசற்படியில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்க, இங்கிருந்து கைகள் அசைந்தன. நானும் அசைத்தேன். கூட வந்த மலையக நண்பர், பள்ளி ஆசிரியர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன சார், பார்க்கலையா?" என்றேன். "எங்கம்மா அங்கதான் நின்னாங்க. இங்கருந்து பார்த்து எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

இக்கட்டுரையை அவர் பேச்சுக்கான உரை என்று கொள்ளலாம்.

நம் பயண எழுத்தாளர்கள் தேயிலை மலையைக் கண்டதும் 'பச்சைக் கம்பளம்' என்று எழுதிவிடுகிறார்கள். தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாக வளரும். இடுப்பளவில் நிற்பது கவ்வாத்து வெட்டுவதால். மேல்மட்டம் சீராக இருப்பது வாரத்துக்கொருமுறை கொழுந்து எடுப்பதால். அதாவது ஜன்னலில் நாம் ரசிப்பது இயற்கையை அல்ல, உழைப்பின் மேற்பரப்பை. கம்பளம் என்ற உருவகம் நெய்தவளை மறைத்து, மிதிப்பவனை மட்டும் மிச்சம் வைக்கிறது.

ரயிலும் அப்படித்தான். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை போனது கோப்பி மூட்டைகளை இறக்கிவர. காடழித்து நட்ட கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் தின்று தீர்த்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. பாதையும் மேலே ஏறியது: 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. பண்டம் ஏற்றப் போட்ட பாதைதான் பிறகு 'காட்சி'யாக மறுவாசிப்புச் செய்யப்பட்டிருக்கிறது.

சுற்றுலாப் பயணியின் கண் சமூகத்தால் பழக்கப்பட்ட கண் என்று ஜான் அர்ரி 1990இல் ஒரு நூலே எழுதினார். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதற்கு வேறொரு கருவியும் கைவசம் உண்டு. தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், புள், விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். அங்கே வாழ்கிறவர்களின் அகவொழுக்கம் உரிப்பொருள். மூன்றில் பின்னது முன்னதைவிடச் சிறந்தது என்பது இலக்கணம். சுற்றுலாச் சொல்லாடல் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. மலையும் மஞ்சும் முதலில். அருவி, குயில், கூடை சுமந்த பெண் எல்லாம் ஒரே வரிசையில் கருப்பொருள். உரிப்பொருள் கிடையாது. அவளுக்கு ஒரு பிரிவு, ஓர் ஏக்கம் இருக்கக்கூடும் என்பதே அந்தப் பிரதிக்குள் சாத்தியமில்லை.

பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்பாதையின் புகழ்பெற்ற ரயில்கள் உடரட மெனிகே, பொடி மெனிகே. மெனிகே என்பது கண்டிச் சிங்களப் பெண்ணுக்குரிய மரியாதைச் சொல். ரயிலுக்கு இப்படி ஒரு பேர். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம். குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பேர். முழுப்பேர்கூட இல்லாத பெண்ணைப் பார்த்துத்தான் பெட்டிக்குள்ளிருந்து கையசைக்கிறோம்.

இந்தத் தண்டவாளத்தின் உரிப்பொருள் எது என்று கேட்டால், பிரிவு என்பேன். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே. மலையகத்தில் ரயிலுக்குக் 'கோச்சி' என்று பெயர். இந்தியாவுக்குப் போகிறவர்களைத் தலைமன்னார்க் கப்பலுக்கு ஏற்றிச்சென்ற வண்டிக்குச் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மெனிகே ஓடிய அதே தண்டவாளம். குறிஞ்சி பாலையாவதற்கு வெயில் வேண்டியதில்லை, ஓர் ஒப்பந்தம் போதும்.

திரும்பும்போது அட்டனில் இறங்கினோம். நண்பர் மேடையில் ஓரிடத்தில் நின்றார். "பெரியம்மா குடும்பம் இங்கதான் ஏறிச்சு. எங்கம்மா கோச்சி பின்னாடியே ஓடினாங்களாம், மேடை முடியிற வரைக்கும்." அந்தப் பெரியம்மா வந்து சேர்ந்தது என் ஊரான கூடலூர்ப் பக்கம். அங்கேயும் கொழுந்துதான். அங்கே தோட்டக்காட்டான் என்றார்கள். இங்கே நாங்கள் சிலோன்காரன் என்றோம்.

ரயிலில் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், எழுதுங்கள். எழுதும்போது ஜன்னலோடு நின்றுவிடாமல் அந்த மேடை வரைக்கும் வாருங்கள் என்கிறேன். நான் அசைத்த கை எனக்கு இன்னும் உறுத்துகிறது.