ஊறு, நோவு, இடர்: சுண்டெலி மூளையாய்வும் கலைச்சொல் தேர்வும்

சுண்டெலியின் மூளை நரம்பணுக்கள் தீங்கினை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை விளக்கும் ஆய்வுரைகளைத் தமிழாக்குவதற்கு வலி, அச்சம் ஆகிய இரு சொற்களே போதும் எனத் தோன்றலாம். ஆயின் அவ்வாய்வுகள் பிரித்துக் காட்டும் நிகழ்வுகள் மூன்று. அவற்றைச் சொல்லளவில் ஒன்றாக்கினால் ஆய்வின் முடிவே மறைந்துவிடும்.

1. ஊறும் நோவும்

உடலுக்குக் கேடு செய்யும் தூண்டலை நரம்புகள் கண்டறிதல் ஒன்று. அதனால் உயிர் துன்புறுதல் மற்றொன்று. பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 2020இல் திருத்திய வரையறையும் இவை வெவ்வேறு நிகழ்வுகள் என்றே குறிக்கின்றது.

இவ்வேறுபாட்டை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் சுண்டெலியின் மூளையிலேயே காட்டினர். அமிக்டலா என்னும் பகுதியில், வலிதரும் பல்வகைத் தூண்டல்களுக்கும் கிளர்வுறும் நரம்பணுத் தொகுதி ஒன்றை அவர்கள் இனங்கண்டனர். அத்தொகுதியை அடக்கிய பின்னரும் எலிகள் பாதத்தை அனிச்சையாகப் பின்னிழுத்தன. ஆனால் பாதத்தைப் பேணுதல், தூண்டலுக்குத் தப்பி விலகுதல் முதலிய செயல்கள் குறைந்தன. ஊறறிதல் நிற்கவில்லை, நோதலே தணிந்தது என்பது இதன் பொருள்.

2. இடர்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு பால்மிட்டர் குழுவினர், மூளைத்தண்டின் பாராபிரேக்கியல் உட்கருவில் சி.ஜி.ஆர்.பி. என்னும் பெப்டைடை உண்டாக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தனர். காயம் ஏதுமின்றி இவற்றை ஒளியால் தூண்டியபோதே எலிகளிடம் தற்காப்பு நடத்தையும் இடர் பற்றிய நினைவும் தோன்றியதை 2015இல் வெளியிட்டனர். இவ்வணுக்களுள் பெரும்பாலானவை மின்னதிர்ச்சி, வெப்பம், அரிப்பு ஆகியவற்றுக்குக் கிளர்வுறுகின்றன. முன்பின் அறியாத உணவை உண்ணும்போதும், முன்னர் மின்னதிர்ச்சியோடு இணைத்துக் கேட்ட ஒலி தனித்து எழும்போதும் கிளர்வுறுகின்றன என்பது 2018இல் புலப்பட்டது. எனவே இவற்றை ‘வலி நரம்பணுக்கள்’ எனப் பெயர்த்தல் பொருந்தாது.

3. சொல் தேர்வு

அச்சம் என்பது நனவுடன் உணரப்படுவது. எனவே விலங்காய்வுகளில் அச்சொல்லைத் தவிர்த்து இடரைக் குறிக்கும் சொல்லையே ஆளவேண்டும் என ஜோசப் லெடூ 2014இல் வாதிட்டார். அதனை ‘அச்சுறுத்தல்’ எனத் தமிழாக்கினால், அவர் விலக்கிய அச்சம் சொல்லின் பகுதியாகவே மீண்டும் வந்து சேரும். மேலும், அச்சுறுத்தல் என்பது செய்வோனை வேண்டும் பிறவினைப் பெயர். புதிய உணவு எவரையும் அச்சுறுத்துவதில்லை. ‘இடர்’ என்பதில் இவ்விரு குறைகளும் இல்லை.

‘ஊறு’ தொடுபுலனையும் தீங்கையும் ஒருங்கே குறிப்பதாதலின், தீங்கை நரம்பு அறிவதற்கு ‘ஊறறிதல்’ ஏற்றது. துன்புறும் உணர்வுக்கு ‘நோவு’ நிற்க, ‘வலி’ பொதுவழக்கிற்கு உரியதாகலாம். ‘அச்சம்’ மனிதர் தாமே உணர்ந்து கூறும் நிலைக்கு ஒதுக்கப்படுதல் நன்று.