கறுப்பா இருந்தா நல்ல பிளம் கேக்கா? கடையில் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

டிசம்பர் பிறந்தால் போதும், பேக்கரிகளில் மட்டுமல்ல, டீக்கடை வாசலிலும் பிளம் கேக் அடுக்கிவிடுகிறார்கள். கண்ணாடித் தாள், சிவப்பு ரிப்பன் என்று பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அதே அரை கிலோ கேக் ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துத் தெருவில் இரண்டு மூன்று மடங்கு விலை. அந்தக் கூடுதல் காசு பழத்துக்குப் போகிறதா, டப்பாவுக்குப் போகிறதா? இதுதான் கேள்வி.

பிளம் கேக்கில் பிளம் பழம் எங்கே?

தேடினாலும் கிடைக்காது. அது ஏமாற்று வேலையும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'பிளம்' என்ற சொல் உலர்ந்த திராட்சையையும் குறித்தது. வழக்கம் மாறினாலும் கேக்கின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதனால் இதில் தேட வேண்டியது கிஸ்மிஸ், கறுப்பு உலர் திராட்சை, பேரீச்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், முந்திரி ஆகியவற்றைத்தான். கூடவே பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசனை வர வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேக்கின் கதை கேரளாவின் தலச்சேரியில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1883-ல் ஓர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி கேட்டதற்காக, மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தாராம். சென்னையிலும் இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. வேப்பேரியில் 1885-ல் தொடங்கிய ஸ்மித் ஃபீல்ட் பேக்கரி இன்றும் பிளம் கேக்குக்குப் பேர் போனது.

சிவப்பா மின்னுறது செர்ரியா?

பெரும்பாலும் இல்லை. நம்மூர் பேக்கரிகளில் 'செர்ரி' என்று வருவது பல நேரம் களாக்காய். கொட்டை நீக்கி, சிவப்புச் சாயமேற்றி, பாகில் ஊறவைத்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கட்டம் கட்டமாகத் தெரியும் டூட்டி ஃப்ரூட்டி, பச்சைப் பப்பாளிக் காய்தான். இரண்டும் சாப்பிடக் கூடாத பொருள் இல்லை. ஆனால் உலர்பழத்தைவிட மலிவானவை. கேக் முழுக்க டூட்டி ஃப்ரூட்டியைப் போட்டுவிட்டு 'ரிச் பிளம்' என்று விலை சொன்னால், அங்கேதான் யோசிக்க வேண்டும்.

நிறத்தை நம்பியும் வாங்க முடியாது. அசல் முறையில் சர்க்கரையைக் கருக்கி, வெந்நீர் விட்டு, அந்தக் கரும்பாகைச் சேர்ப்பார்கள். லேசான கசப்போடு கூடிய அடர் பழுப்பு நிறம் அதிலிருந்து வருவது. அதே நிறத்தைக் கோகோ பவுடரோ, கேரமல் கலரோ இரண்டே நிமிடத்தில் கொடுத்துவிடும். கறுப்பாக இருந்தும் சாக்லேட் கேக் மாதிரி மணந்தால் சந்தேகப்படலாம்.

"இப்பதான் சார் சூடா வந்துச்சு"

ரொட்டிக்கும் பஃப்ஸுக்கும் இது நல்ல செய்தி. பிளம் கேக்குக்கு அப்படி இல்லை. பழங்களை ரம், பிராந்தி அல்லது பழச்சாற்றில் நாள்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். சுட்ட பிறகும் இறுகச் சுற்றிச் சில நாள் வைத்தால்தான் பழத்தின் ஈரம் கேக்கில் பரவும், மசாலாவின் காரம் அடங்கும். எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'ஃப்ரெஷ்ஷா?' என்பதல்ல. 'பழத்தை எப்ப ஊற வெச்சீங்க, கேக் எப்ப சுட்டீங்க?' என்று கேளுங்கள். உண்மையில் செய்கிறவர் தயங்காமல் பதில் சொல்வார்.

பல பேக்கரிகளில் துண்டாகவும் விற்பார்கள். முழுக் கேக்குக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு துண்டு வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பழம் மேலிருந்து கீழ்வரை பரவியிருக்க வேண்டும், அடியில் மட்டும் குவிந்திருக்கக் கூடாது. நல்ல பிளம் கேக் கையில் கனமாக இருக்கும், பஞ்சு மாதிரி அமுங்காது. சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு ஒட்டியது போல இருந்தால், அது வெண்ணெய் இல்லை, வனஸ்பதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாக்கெட்டின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

முன்பக்கப் படத்தைவிட இதுதான் முக்கியம். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. நல்ல ரிச் கேக்கில் பழத்தின் எடை மைதாவைவிடக் கூடுதலாக இருக்கும். பட்டியலில் மைதா, சர்க்கரை, தாவர எண்ணெய் என்று போய் உலர் திராட்சை கடைசியில் எட்டிப் பார்த்தால், வாங்குவது பழக் கேக் இல்லை, பழம் தூவிய கேக். தயாரித்த தேதியையும், எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் அந்தப் பதிவு கட்டாயம்.

முட்டை, ரம் விஷயம்

பிளம் கேக்கை யாரும் தனக்கு மட்டும் வாங்குவதில்லை. மேல் வீடு, கீழ் வீடு, அலுவலகம் என்று பங்கு போகும். அந்தப் பங்கில் முட்டை சாப்பிடாதவர்களும் மதுவைத் தொடாதவர்களும் இருப்பார்கள். நம் உணவு லேபிள் விதிப்படி முட்டை சேர்ந்தால் அசைவம். சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். ஆனால் மதுவுக்கு இந்தக் குறி எதுவும் சொல்லாது. 'எக்லெஸ்' என்று பச்சை வட்டம் போட்ட கேக்கிலும் ரம்மில் ஊறிய திராட்சை இருக்கலாம்.

'அடுப்புல வெச்சா எல்லாம் ஆவியாயிடும்' என்பதும் முழு உண்மை இல்லை. சுடும்போது ஒரு பகுதி போகும், ஒரு பகுதி தங்கும். சுட்டு ஆறிய பிறகு மேலே ரம் தடவும் வழக்கமும் உண்டு. அது எந்த அடுப்பையும் பார்ப்பதில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாங்குவதாக இருந்தால் 'ரம் சேர்த்திருக்கீங்களா, ஜூஸா?' என்று நேராகவே கேட்டுவிடுவது நல்லது.

டப்பாவைப் பிரித்துத் துண்டு போட்டுக் கொடுக்கும்போது லேபிள் நம் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. முட்டை உண்டு, ரம் இல்லை என்கிற அளவில் தட்டைக் கொடுக்கும்போதே வாய்வார்த்தையாகச் சொல்லிவிடலாம்.