ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் சீரமைப்பு: மாற்று ஏற்பாடு முதலில், இடிப்பது பிறகு

இடுப்பு எலும்பு முறிந்து எங்களிடம் அறுவை சிகிச்சை பெற்ற எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், வீடு திரும்பிய ஐந்தாம் நாளே மீண்டும் அழைத்து வரப்பட்டார். அறுவை செய்த இடம் நன்றாகவே ஆறி வந்தது. ஆனால் நாக்கு வறண்டு, தலை சுற்றி, சிறுநீர்த் தொற்றால் காய்ச்சலும் கண்டிருந்தது.

காரணத்தை அவருடைய மகன் சொன்னார். அவர்கள் வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த அறை ஒன்றே ஒன்றுதான். "அம்மா இனிக் குந்தி உட்காரக் கூடாது, வெஸ்டர்ன் கமோடு வைத்துவிடுங்கள்" என்று நாங்கள் கூறியதை மதித்து, அவர் மருத்துவமனையில் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நான்கு நாளில் முடியும் என்றார் கொத்தனார். டைல்ஸ் குறைந்தது, பிளம்பர் வரவில்லை. அம்மையார் வீடு வந்தபோது தரை பெயர்ந்து கிடந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் வர வேண்டிய நிலை.

"தண்ணி குடிச்சாத்தானம்மா எழுந்து போகணும்? ராத்திரியில எத்தனை தடவை அவங்க கதவைத் தட்டுறது?" என்று அவர் எங்கள் செவிலியரிடம் கேட்டார். யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு. கழிப்பறையை மாற்றச் சொன்ன நாங்கள், "உங்கள் வீட்டில் எத்தனை கழிப்பறைகள்?" என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறோம். "ஒன்றுதான்" என்று பதில் சொல்லும் குடும்பங்களுக்காகவே இக்கட்டுரை.

இப்போதே இடிக்க வேண்டுமா?

இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின்னும், பக்கவாதத்துக்குப் பின்னும் குந்தி அமர்வது கூடாது என்பது உண்மை. அதற்காக வீடு திரும்பும் வாரத்திலேயே தரையை உடைக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி, மருத்துவ உபகரணக் கடைகளில் விலைக்கும் பல இடங்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. கீழே உள்ள பாத்திரத்தை எடுத்துவிட்டால், பழைய இந்தியன் டாய்லெட்டின் மேலேயே அதை வைத்துப் பயன்படுத்தலாம். சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள், இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு, பாசி நீக்கிய உலர்ந்த தரை ஆகிய மூன்றும் அரை நாள் வேலைதான். இவற்றுடன் முதல் சில வாரங்களைக் கடத்திவிட்டு, நோயாளி ஓரளவு தெம்புடன் நடமாடத் தொடங்கிய பின் பெரிய வேலையைத் தொடங்குவதே பல வீடுகளுக்கும் ஏற்றது.

மாற்று ஏற்பாடு

வேலை தொடங்கியே ஆக வேண்டும் என்றால், அத்தனை நாளும் நோயாளி எங்கே சிறுநீர் கழிப்பார், எங்கே மலம் கழிப்பார், எங்கே குளிப்பார் என்பதைக் கொத்தனாரிடம் பேசுமுன் முடிவு செய்யுங்கள். கழிப்பறை வசதியுள்ள உறவினர் வீட்டில் நோயாளியைத் தங்க வைக்க முடிந்தால் அதுவே மிக நல்லது.

இயலாவிட்டால், கமோடு நாற்காலியைக் கட்டிலின் அருகில், கை எட்டும் தொலைவில், திரை கட்டி வையுங்கள். திரையைச் சிறிய காரியமாக எண்ண வேண்டாம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நடமாடும் கூடத்தில் மறைப்பின்றி அமர நேருமோ என்ற கூச்சமே பலரை மலத்தை அடக்கச் செய்கிறது. அது மலச்சிக்கலாக வளர்கிறது. ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாட்டில் இரவில் பேருதவி. கழிவை எங்கே கொட்டுவது என்பதை அண்டை வீட்டாருடன் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மூடியுள்ள வாளியில் எடுத்துச் செல்லுங்கள்; ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குளியலுக்குப் பதிலாக, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கலாம். தொடை இடுக்கு, அக்குள், மார்பின் அடிப்பகுதி ஆகியவை ஈரமாக இருந்தால் புண்ணாகும். டயப்பர் பயன்படுத்துவோருக்கு நனைந்தவுடன் மாற்றுங்கள். மிச்சப்படுத்த எண்ணினால் படுக்கைப்புண்ணில் முடியலாம்.

தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாரோ, அந்த அளவு இந்த நாட்களிலும் மாறக் கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நோயாளி தண்ணீரைக் குறைக்கிறாரா என்று கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர் கழிப்பறை இல்லை என்பதற்காக அதைத் தாமாக நிறுத்தக் கூடாது; எந்த நேரத்தில் உட்கொள்ளலாம் என்று எங்களிடம் கேளுங்கள்.

வேலையின் வரிசை

டைல்ஸ், கமோடு, குழாய், கம்பிகள், கதவு ஆகிய அனைத்தும் வீட்டுக்கு வந்து சேரும்வரை எதையும் உடைக்க அனுமதிக்காதீர்கள். ஒரு பெட்டி டைல்ஸ் குறைந்தால்கூட வேலை நின்றுவிடும், கழிப்பறையும் இருக்காது.

அடுத்து, பழைய கழிப்பறையைப் பயன்படுத்திக்கொண்டே செய்யக்கூடிய வேலைகளை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். கதவை மாற்றுவது, மின்கம்பி இழுப்பது, சுவரின் மேற்பகுதியில் டைல்ஸ் பதிப்பது ஆகியவை அத்தகையவை. தரையையும் பழைய பீங்கானையும் கடைசியில் உடைத்தால், கழிப்பறை இல்லாத நாட்கள் குறையும்.

அந்த நாட்களையும் அவசரப்படுத்த முடியாது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு உலர வேண்டும். பின் தரையில் நீர் தேக்கி ஒரு நாளாவது கசிவு பார்க்க வேண்டும். டைல்ஸ் இறுகிய பிறகே இடைவெளியை நிரப்ப வேண்டும். ஆகவே, நான்கு நாள் என்று சொன்னாலும் பத்து நாளுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாலையும் திறந்திருக்கும் கழிவுநீர்க் குழாயின் வாயை மூடியால் அடைத்து, பள்ளத்தின் மேல் பலகை போட்டு, கதவைத் தாழிடச் சொல்லுங்கள்.

தூசியும் இரைச்சலும்

டைல்ஸ் வெட்டும்போதும் சுவரை உடைக்கும்போதும் எழும் நுண்தூசி, ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். இடிபாட்டுத் தூசியில் பூஞ்சை வித்துகளும் கலந்திருக்கும். புற்றுநோய்க்கு கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோரும் வேலை நடக்கும் வீட்டில் தங்கவே கூடாது. மற்ற வீடுகளில், டைல்ஸை வெளியே வைத்து, நீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். நோயாளியின் அறை வாசலில் ஈரத்துணி தொங்கவிடுங்கள். கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மணல் மூட்டை, டைல்ஸ் பெட்டி, டிரில்லின் வயர் எதுவும் கட்டிலிலிருந்து வாசல்வரை உள்ள வழியில் இருக்கக் கூடாது. மறதி நோய் உள்ளவர்களை இடிக்கும் இரைச்சல் கலங்கச் செய்யும். அந்தப் பகல்களிலாவது அவர்களை வேறிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை

கமோடின் அமரும் உயரம் தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. வரை இருப்பது முதியோர் பலருக்கும் பொருந்தும். நோயாளி அமர்ந்தால் முழங்காலைவிட இடுப்பு தாழக் கூடாது. பாதம் தரையில் படிய வேண்டும். கைப்பிடிக் கம்பி செங்கல் அல்லது கான்கிரீட்டில் இறங்கும் திருகால் பொருத்தப்பட வேண்டும். துண்டு போடும் கம்பியும், உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியும் ஓர் ஆளின் எடையைத் தாங்கா. பக்கவாதம் வந்தவர்களுக்கு, வலுவுள்ள கையின் பக்கம் கம்பி இருக்க வேண்டும். நோயாளியை நாற்காலியில் அமர்த்தி, கை எட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக் கூடியதாக இருக்கட்டும். வாக்கரின் அகலத்தை அளந்து, அது தாராளமாக நுழையும் அளவுக்கு வாசல் விடுங்கள். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். சொரசொரப்பானதே தரைக்கு ஏற்றது. வாசற்படியை நீக்க முடிந்தால் நீக்குங்கள். நீர் வெளியேறாமல் இருக்கத் தரைச் சரிவே போதும். ஹீட்டர் பொருத்தினால் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் அவசியம்.

வேலை முடிந்த பின்

கமோடின் சிமென்ட் இறுகிவிட்டதா என்று கொத்தனாரிடம் கேட்டறியும்வரை யாரும் அதில் அமரக் கூடாது. கைப்பிடிக் கம்பியை, வீட்டில் எடை மிகுந்தவர் பிடித்துத் தொங்கிச் சோதிக்கட்டும். நோயாளியின் முதல் பயன்பாடு பகலில், ஒருவர் துணையுடன், உலர்ந்த தரையில் நடக்கட்டும். நான்கைந்து முறை பகலில் பழகிய பின்பே இரவில் தனியே செல்லலாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு, வெந்நீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

அந்த அம்மையார் மூன்று நாள் சிகிச்சைக்குப் பின், வேலை முடியும்வரை மகள் வீட்டில் தங்கினார். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது கைத்தடியுடன் நடந்து வந்தார். பையில் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தது.

வீடு திரும்பும் நாளைப் பற்றி மருத்துவர் பேசத் தொடங்கியதுமே, உங்கள் கழிப்பறையின் புகைப்படத்தையும் அதன் நீள அகலத்தையும் வாசலின் அளவையும் எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள். எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.