கணினியின் பெரட்டு: டிரைவர்கள் பெயர் கொடுக்கும் விதம்



பிள்ளைகளின் படிப்புக்கென்று பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்திருக்கும் வீடுகள் பல. அதில் இணையம் வரவேண்டும் என்பதற்காக, விரல் அளவே உள்ள வைஃபை கருவி ஒன்றைக் கடையில் வாங்கிச் செருகுகிறோம். கருவியில் விளக்கு எரிகின்றது. ஆனால் இணையம் மட்டும் வருவதில்லை. "சாமான் கெட்டுப்போச்சு" என்று தூக்கி வைத்துவிட்டு, வேறொன்று வாங்கக் காசு தேடுகிறோம். பல சமயங்களில் கருவி கெட்டிருக்காது. அதை நடத்த வேண்டிய டிரைவர் கணினிக்குள் பெயர் கொடுக்கவில்லை என்பதுதான் கோளாறு. அந்தப் பெயர் கொடுக்கும் வேலை எப்படி நடக்கின்றது என்பதை இன்று பார்ப்போம்.

டிரைவர் என்றதும் லோரி ஓட்டுபவர் நினைவுக்கு வருவார். இங்கே டிரைவர் என்பது ஆள் அல்ல. ஒரு குறிப்பிட்ட கருவியை எப்படி இயக்குவது என்று எழுதி வைக்கப்பட்ட கட்டளைத் தொகுப்பு. இது வேலை செய்யும் இடத்துக்குக் கெர்னல் என்று பெயர். செம்பனை ஆலையைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல. கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பைத்தானே அங்கே கெர்னல் என்கிறார்கள்? கணினியிலும் அது உள்ளே இருக்கும் பருப்புத்தான். நினைவகம், திரை, விசைப்பலகை, வட்டு எல்லாவற்றையும் கட்டி ஆளுகின்ற பகுதி அது.

லினக்ஸ் என்ற கெர்னலை எடுத்துக்கொள்வோம். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கியது இது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குள் இருப்பதும் இதுதான். இதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதால், நாம் பேசுவதற்கு வசதியாக இருக்கின்றது.

லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கியது. 1970-களில் யூனிக்ஸில் எந்தெந்தக் கருவிக்கு எந்த டிரைவர் என்று ஒரு பட்டியல் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். புதிய வகைக் கருவி வந்தால் பட்டியலில் ஒரு வரி சேர்த்து, கெர்னல் முழுவதையும் மறுபடி கட்டி, கணினியை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரு புது ஆள் வேலைக்குச் சேர்ந்தால் செக்ரோல் புத்தகத்தையே புதிதாக அச்சடிப்பது போல! கருவிகள் சிலவே இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கு ஓடுகின்ற கணினியில் நாம் ஒன்றைச் செருகுகிறோம். மறு நிமிடம் பிடுங்குகிறோம். அதற்கு அந்த முறை ஒத்துவராது. ஆகவே டிரைவர்கள் தாமே வந்து பெயர் கொடுக்கும் முறை ஏற்பட்டது.

காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வந்திருக்கிறார், அவருக்கு என்ன வேலை தெரியும் என்று தெரிந்தால்தானே கிராணியார் நிரையைப் பிரித்துக் கொடுக்க முடியும்? டிரைவரும் அப்படித்தான். ஆனால் அது வாயால் சொல்வதில்லை. ஒரு சீட்டை நிரப்பி நீட்டுகின்றது. யூஎஸ்பி கருவிக்கான டிரைவராக இருந்தால் அந்தச் சீட்டில் முக்கியமாக நான்கு விவரங்கள் இருக்கும். அதன் பெயர் ஒன்று. எந்தெந்தக் கருவிகளைத் தன்னால் நடத்த முடியும் என்ற எண் பட்டியல் ஒன்று. அப்படியொரு கருவி வந்தால் எந்தக் கட்டளையைக் கூப்பிட வேண்டும் என்பது மூன்றாவது. இதைப் 'ப்ரோப்' என்பார்கள். கருவியைப் பிடுங்கிவிட்டால் எதைக் கூப்பிடுவது என்பது நான்காவது. சீட்டை எழுதி வைப்பது அறிவிப்பு. அதைக் கெர்னலிடம் கொடுப்பது பதிவு. இரண்டும் ஒன்றல்ல. நிரப்பிய சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றால் யாருக்குத் தெரியும்?

அந்த எண் பட்டியல்தான் வைஃபை கருவி விஷயத்தில் நம்மைப் பாதிப்பது. ஒவ்வொரு யூஎஸ்பி கருவிக்குள்ளும் இரண்டு எண்கள் பதிந்திருக்கும். ஒன்று தயாரித்த நிறுவனத்தின் எண், மற்றது அந்தச் சாமானின் எண். செருகியவுடன் கெர்னல் அவற்றைக் கேட்டு வாங்குகின்றது. பிறகு, பெயர் கொடுத்திருக்கும் டிரைவர்களின் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது. பொருந்தினால் அந்த டிரைவரின் ப்ரோப்பைக் கூப்பிடும். ப்ரோப் கருவியைச் சோதித்துவிட்டு, சரியென்றால் 0 என்று பதில் சொல்லும். முடியாதென்றால் ஒரு பிழை எண்ணைச் சொல்லும். 0 வந்தால்தான் கருவி அந்த டிரைவரின் பொறுப்பு. வைஃபை கருவிகளில் ஒரு சங்கடம் உண்டு. பெட்டியின் மேல் அதே பெயர், அதே படம் இருக்கும். உள்ளே இருக்கும் சில்லை நிறுவனம் மாற்றியிருக்கும். எண்ணும் மாறியிருக்கும். பக்கத்து வீட்டில் ஓடிய சாமான் நம் வீட்டில் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

விசைப்பலகைக்கும் மௌஸுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. அவை "நான் இன்ன வகை" என்று ஒரு வகை எண்ணைச் சொல்லிவிடும். அந்த வகைக்கு எண் 3. எந்த நிறுவனம் செய்திருந்தாலும் ஒரே டிரைவர் போதும். தகவல் சேமிக்கும் யூஎஸ்பி குச்சிகளுக்கு வகை எண் 8. அதனால்தான் மலிவான குச்சியும் செருகியவுடன் வேலை செய்கின்றது.

பொருத்தமான டிரைவர் வட்டில் இருந்தும் இன்னும் பெரட்டுக்கு வரவில்லை என்றால் என்ன ஆகும்? "இன்ன எண்ணுள்ள கருவி வந்திருக்கின்றது" என்று கெர்னல் அறிவிக்கும். கெர்னலுக்கு வெளியே இருக்கும் உதவி நிரல் ஒன்று அந்த எண்ணைக் கோப்பில் தேடி, உரிய டிரைவரை உள்ளே அழைத்து வரும். அந்தக் கோப்பில் டிரைவரின் எண்கள் ஏறுவதற்கு, டிரைவரை எழுதியவர் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். அந்த வரியை மறந்தால் டிரைவரில் குறை ஒன்றும் இராது. ஆனால் அழைப்பு மட்டும் அதற்குப் போகாது.

பதிவு செய்யும் நேரமும் முக்கியம். பெயர் கொடுத்த கணமே ப்ரோப்புக்கு அழைப்பு வரலாம். கருவி ஏற்கெனவே செருகிக் கிடக்கலாம் அல்லவா? ஆகவே நினைவகத்தை ஒதுக்குவது போன்ற ஆயத்தங்களை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் பதிவு செய்ய வேண்டும். கத்தியைத் தீட்டாமல் பெயர் கொடுத்தவர் பாடு என்னவாகும் என்பது பால் வெட்டுபவர்களுக்குத் தெரியும்.

விலகும்போது பெயரை நீக்குவதும் அதே அளவு கடமை. தோட்டத்தை விட்டுப் போனவரின் பெயர் செக்ரோலில் இருந்தால் ஒரு நிரை அன்று வெட்டப்படாமல் கிடக்கும், அவ்வளவுதான். கெர்னலில் அப்படி இல்லை. டிரைவர் போய்விட்ட பிறகும் அதன் முகவரி பட்டியலில் இருந்தால், கெர்னல் அந்த வெற்றிடத்துக்குப் போய்க் கட்டளை கேட்கும். அங்கே என்ன இருக்குமோ தெரியாது. கணினி முழுவதும் நின்றுவிடலாம். லினக்ஸில் சேர்வதையும் விலகுவதையும் ஒரே வரியில் எழுதிவிடும் வசதி இருக்கின்றது. மறதிக்கு இடம் வைக்காத அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

டிரைவர் ஒன்று தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், விண்டோஸ் கெர்னலுக்குள் இருந்து வேலை செய்வது. அன்று மலேசிய நேரம் பிற்பகல் 12.09-க்கு அந்நிறுவனம் அதற்கு ஒரு புதிய தகவல் கோப்பை அனுப்பியது. அந்த வகைக் கோப்புக்கு 21 விவரங்கள் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. டிரைவரோ 20 விவரங்களைத்தான் கொடுத்தது. முன்பு வந்த கோப்புகளில் 21-ஆவது இடத்தில் "எதுவானாலும் சரி" என்று இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. இந்தத் தடவை அந்த இடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். டிரைவர் இல்லாத இடத்தில் போய்ப் படித்தது, கெர்னல் விழுந்தது. கணினி தொடங்கும்போதே வரவேண்டும் என்று பதிவு செய்யப்பட்ட டிரைவர் அது. எனவே திரும்பத் தொடங்கினாலும் மறுபடி விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டன என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

சரி, நம் வீட்டு வைஃபை கருவிக்கு வருவோம். விண்டோஸ் கணினியாக இருந்தால் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். டிரைவர் கிடைக்காத கருவியின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி இருக்கும். அதன் விவரங்களுக்குள் போனால், வி.ஐ.டி., பி.ஐ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நாம் சொன்ன இரண்டு எண்களும் இருக்கும். அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத் தளத்தில் தேடுங்கள். வேறு யாரோ "இலவச டிரைவர்" என்று கொடுப்பதை ஏற்றாதீர்கள். உள்ளே வந்துவிட்டால் கெர்னலுக்கு இருக்கும் அதிகாரம் அதற்கும் வந்துவிடும். கடையில் திருப்பிக் கொடுக்கப் போனாலும் அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியின் பெயரைச் சொல்வதைவிட அந்த எண்களைக் காட்டினால், எது பொருந்தும் என்று கடைக்காரருக்கும் விளங்கும்.